பழைய வண்டியின் கார்பரேட்டர்: வீட்டில் பிரிப்பதா, மெக்கானிக்கிடம் கொடுப்பதா, புதிதாக வாங்குவதா?

"ரெண்டு வருசம் சும்மா நின்ன வண்டி, இப்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. கார்பரேட்டரை நானே கழட்டிப் பார்க்கவா, இல்ல புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுரவா?"

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்தான் கார்பரேட்டர். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பலர் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு லீவில் ஊருக்கு வந்தவர்கள். வண்டி ஆர்.எக்ஸ். 100 ஆகவோ யெஸ்டியாகவோ வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டாகவோ இருக்கும். இன்னொரு பக்கம் மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டியே தினமும் ஓட்டுகிறவர்கள். அவர்கள் வண்டி நிற்பதில்லை, ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டால் ஸ்லோவில் நிலைக்காமல் அணைந்துவிடுகிறது.

ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றது. யெஸ்டி செய்த மைசூர் ஐடியல் ஜாவாவும் அதே ஆண்டு மூடப்பட்டது. ஆகவே இந்த இரண்டில் இளைய வண்டிக்கே முப்பது வயது ஆகிறது. அதில் இருக்கும் ஒரிஜினல் கார்பரேட்டரைத் தூக்கிப் போட்டால் அதே தரத்தில் இன்னொன்று எளிதில் வராது. அதனால்தான் இதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நம் கடற்கரையில் நான் பார்த்தவரை கார்பரேட்டர்கள் ஓடித் தேய்ந்து கெட்டதைவிட நின்று கெட்டதே அதிகம். நின்று கெட்டதைப் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்யலாம். தேய்ந்ததை முடியாது. உங்களுடையது இதில் எது என்று தெரிந்துவிட்டாலே முடிவில் முக்கால்வாசி வந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது கோளாறின் வகை. பணம் கடைசி. கார்பரேட்டர் நான்கு விதமாகக் கெடும்: ஜெட்டுகளும் (பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள பித்தளைப் பாகங்கள்) உள்வழிகளும் அடைத்துக்கொள்ளும், ரப்பர் பாகங்கள் காய்ந்தோ உப்பியோ போகும், உலோகம் அரித்துப்போகும், ஸ்லைடும் (ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஏறி இறங்கும் பாகம்) அது ஓடும் துளையும் தேயும். முதல் இரண்டும் வீட்டில் தீரும். அரிப்பு எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. தேய்மானத்துக்கு வீட்டில் வைத்தியமில்லை.

இரண்டாவது, கையில் எத்தனை நாள் இருக்கிறது. ஒரு மாத லீவில் வந்தவருக்கும் ஊரிலேயே இருப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. மூன்றாவது, வண்டி எதற்கு. தினமும் வேலைக்குப் போகும் வண்டியா, ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கும் வாப்பா காலத்து வண்டியா? நான்காவது, உங்கள் மாடலுக்குப் பாகம் கிடைக்கிறதா. ஆர்.எக்ஸ். 100-க்கும் புல்லட்டின் மிக்கார்ப் கார்பரேட்டருக்கும் கிட் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) தாராளமாகக் கிடைக்கும். யெஸ்டியின் ஜிக்கோவ் கார்பரேட்டருக்கு அலைய வேண்டும்.

கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயம். பிளக்கில் பொறி நன்றாக வருகிறதா? டேங்க்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் காக்கைத் திறந்தால் குழாயில் தாராளமாகப் பெட்ரோல் இறங்குகிறதா? இந்த இரண்டில் ஒன்று கெட்டிருந்து, குற்றமில்லாத கார்பரேட்டரைப் பிரித்துப்போட்டவர்கள் ஏராளம்.

அடுத்து கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அங்கே இருப்பதைப் பார்த்தாலே கதை தெரியும். பழுப்பாகப் பிசின் படிந்திருந்தால் பெட்ரோல் ஆவியாகி மிஞ்சியது, கரைத்து எடுத்துவிடலாம். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் யெஸ்டியில் இது இன்னும் கெட்டியாக, ஒட்டும் பதத்தில் இருக்கும். பித்தளை ஜெட்டில் பச்சை பூத்திருந்தால் ஈரம் தங்கியிருக்கிறது. கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி இருந்தால் கவனம். துத்தநாகம், அலுமினியம் கலந்த வார்ப்பு உடம்பே அரித்துப் பொடியாகிறது என்று அர்த்தம். விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடி போனபின் அடியில் சமதளமாக இருந்தால் பிழைத்தது. நகம் இறங்கும்படி குழி இருந்தால், கண்ணுக்குத் தெரியாத உள்வழிகளிலும் அதே குழி இருக்க வாய்ப்புண்டு.

இந்த வெள்ளைப் பொடி நம் பக்கம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நாட்டில் விற்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் போகும் வழியிலே ஆக அடி எது? ஃப்ளோட் கிண்ணம். வாடைக்காற்றும் மழையும் சேரும் ஐப்பசி, கார்த்திகையில் இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வண்டிகளின் ரப்பரும் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதல்ல.

கடைசிச் சோதனை ஸ்லைடு. இதை எனக்குப் புரியவைத்தது உச்சிப்புளிப் பக்கம் ரோட்டோரக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். கிட் வாங்கிக்கொண்டு வந்த பையனுக்கும் அவருக்கும் நடந்த பேச்சு இது.

"அண்ணே, கிட்டு வாங்கியாந்துட்டேன். போட்டு விட்ருங்க."

"கிட்டை அப்புறம் பார்ப்போம் தம்பி. இந்த ஸ்லைடைப் பிடிச்சு ஆட்டிப் பாரு."

ஸ்லைடைக் கார்பரேட்டருக்குள் விட்டு அவன் விரலால் முன்னும் பின்னும் தள்ளினான். 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. வெளியே எடுத்து வெயிலில் திருப்பிக் காட்டினார். எஞ்சின் பக்கம் மட்டும் மேல்பூச்சு போய், நீளவாக்கில் ஒரு பட்டை பளபளவென்று தெரிந்தது.

"மணல்ல ஓட்டுறியா?"

"அரிச்சல்முனைக்கு ட்ரிப் அடிப்போம்ணே."

"ஏர் ஃபில்டர் இருக்கா?"

பையன் பேசவில்லை. ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, சத்தம் நன்றாக இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். தனுஷ்கோடிச் சாலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் தார் ரோட்டின் மேலேயே ஓடும். அது ஸ்லைடுக்கும் துளைக்கும் நடுவே போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வேலைதான். அந்த வண்டிக்கு எந்தக் கிட் போட்டாலும் ஸ்லோ நிலைக்காது, ஏனென்றால் ஸ்லைடைச் சுற்றிக் காற்று கசியும்.

ஸ்லைடு ஆடாமல், கீறல் இல்லாமல், தன் எடையிலேயே வழுக்கி இறங்கினால் உங்கள் கார்பரேட்டருக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது.

## வழி 1: வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்வது

அடைப்பும் ரப்பரும்தான் பிரச்சினை, உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். செலவு குறைவு என்பது ஒரு காரணம்தான். ஒவ்வொரு வழியும் திறந்திருக்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கும், வேலை குவிந்திருக்கும் கடைக்காரருக்கு இருக்காது. அதுதான் பெரிய காரணம்.

இடம் முக்கியம். பெட்ரோல் ஆவி போக வேண்டும், மணல் வரக்கூடாது. திண்ணையோ முற்றமோ சரி, காற்று எழும்புமுன் காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. கழற்றிய பாகங்களைப் போட்டுவைக்க ஒரு பழைய குழிப்பணியாரச் சட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு தொகுதி: ஸ்லோவுக்குக் காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூவும் அதன் ஸ்பிரிங்கும் ஒன்றில், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடிலும் அதன் சீட்டும் இன்னொன்றில். அந்த ஸ்பிரிங் மணலில் விழுந்தால் தேடவே வேண்டாம்.

ஸ்க்ரூவில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஜப்பானிய கார்பரேட்டர்களின் ஸ்க்ரூ பார்க்க ஸ்டார் மாதிரி இருந்தாலும் அது ஜே.ஐ.எஸ். என்கிற ஜப்பான் அளவு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். உப்பில் இறுகியிருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை விட்டு வையுங்கள். மறுநாளும் அசையவில்லை என்றால், பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு உடம்பின் மேல் கொதிநீர் ஊற்றுங்கள். வார்ப்பு விரிந்து பிடி தளரும். அதற்கும் அசையாத ஏர் ஸ்க்ரூவைப் பலவந்தப்படுத்த வேண்டாம். அது உள்ளே ஒடிந்தால் வேலை கையை மீறிவிடும். அங்கே நிறுத்திவிட்டு அடுத்த வழிக்குப் போங்கள்.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதிவையுங்கள். ஸ்லைடில் தொங்கும் ஜெட் நீடிலின் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது, ஜெட்டில் என்ன நம்பர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம்.

ஸ்லோவுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வானத்தைப் பார்த்துப் பிடித்தால் முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரும்புக் கம்பி, ஊசி, ஊக்கு எதையும் விடாதீர்கள். துளை ஒரு சிட்டிகை பெரிதானாலும் அந்த ஜெட்டில் எழுதியிருக்கும் நம்பர் பொய்யாகிவிடும். மின்வயரின் ஒற்றைச் செம்பு இழை போதும். கடலோரத்தில் அதைவிட எளிதாகக் கிடைப்பது மீன்பிடிக்கும் மெல்லிய தங்கூசி நூல். ஜெட்டுக்கு அதைவிடப் பத்திரமான குத்தூசி எனக்குத் தெரியாது.

பித்தளை துலக்கும் பழக்கத்தில் சிலர் கார்பரேட்டரை அப்படியே புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறப்போடுகிறார்கள். வேண்டாம். பித்தளை ஜெட் பளிச்சென்று வரும், ஆனால் புளிப்பு துத்தநாக வார்ப்பைத் தின்னும். சலவைச் சோடாவும் அதே கெடுதல். கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பர், ஓ-ரிங், பிளாஸ்டிக் ஃப்ளோட் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு துளையில் அடிப்பது எதிர்பாராத துளையிலிருந்து முகத்துக்கு வரும்.

அப்படி வருவதைத்தான் நாம் தேடுகிறோம். பைலட் ஜெட் இருந்த துளையில் அடித்தால் ஸ்லைடின் எஞ்சின் பக்கம் தரையில் இருக்கும் குட்டித் துளைகளில் சீராகப் பீய்ச்ச வேண்டும். ஏர் ஸ்க்ரூ வழியிலும் வர வேண்டும். ஒன்றை விரலால் மூடி மற்றதில் வருகிறதா என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். 'வருகிற மாதிரி இருக்கிறது' என்பது போதாது. ஸ்லோவில் அணையும் வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் இந்தச் சின்ன வழியில்தான்.

கிட் பற்றி. அதில் கேஸ்கட், ஓ-ரிங், ஃப்ளோட் நீடில், ஜெட்டுகள், நீடில் எல்லாம் வரும். ரப்பரையும் ஃப்ளோட் நீடிலையும் போடுங்கள். ஜெட்டையும் ஜெட் நீடிலையும் மாற்ற வேண்டாம், பழையது சேதப்பட்டிருந்தாலொழிய. மலிவான கிட்டில் வரும் ஜெட்டின் துளை, எழுதியிருக்கும் நம்பரோடு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. டூ-ஸ்ட்ரோக்கில், வேகமாக ஓட்டும்போது பெட்ரோல் தரும் மெயின் ஜெட் சிறிதானால் கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆகி, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாய்க் கிட் எஞ்சின் வேலையில் கொண்டுபோய் விடும்.

மூடும்முன் ஃப்ளோட் உயரம். கார்பரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு நீடிலின் ஸ்பிரிங் முனையைத் தொட மட்டும் விட்டு, அமுக்காமல், அளக்க வேண்டும். அளவு மாடலுக்கு மாடல் வேறு. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தக அளவையே வையுங்கள். பித்தளை ஃப்ளோட் என்றால் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை. பிறகு வண்டியில் மாட்டுமுன்னே ஒரு சின்ன பாட்டிலிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோல் விட்டு, கிண்ணம் நிறைந்ததும் ஓட்டம் நிற்கிறதா என்று பாருங்கள். மாட்டிய பிறகு ஓவர்ஃப்ளோ கண்டுபிடித்தால் மறுபடி முழு வேலை.

மறைந்திருக்கும் செலவு: சரியான ஸ்க்ரூ டிரைவர், ஸ்ப்ரே, ஒடிந்துபோன ஸ்க்ரூவுக்கு மாற்று, ஒரு நாள் முழுக்க. கையில் பொறுமை இல்லாத நாளில் இதைத் தொடாதீர்கள். நாளை காலை வேலைக்கு அதே வண்டிதான் என்றாலும் தொடாதீர்கள்.

## வழி 2: உள்ளூர் மெக்கானிக்

நம் பக்கத்து நல்ல பழைய மெக்கானிக்கிடம் இருப்பது காது. எஞ்சினை ரேஸ் செய்துவிட்டு விடும்போது சத்தம் இறங்குகிற விதத்திலேயே காற்று கசிகிறதா, பெட்ரோல் அதிகமா என்று சொல்லிவிடுவார். டியூனிங்கில் நீங்கள் அரை நாள் திணறுவதை அவர் சில நிமிடத்தில் முடிப்பார். இறுகிய ஸ்க்ரூ, ஒடிந்த ஸ்டட் எல்லாம் அவருக்குத் தினசரி வேலை.

ஆனால் அந்தக் காது குறைந்துகொண்டே வருகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் புதிய பைக்குகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. இப்போது தொழில் பழகும் பையன்கள் டூ-ஸ்ட்ரோக் கார்பரேட்டரைப் பார்ப்பதே அபூர்வம். ஆகவே கடையைவிட ஆளைத் தேடுங்கள். கடை வாசலில் இரண்டு ஆர்.எக்ஸ். நிற்கிறதா என்று பாருங்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு ரசீதில் வராது. அவசரத்தில் ஜெட்டில் கம்பி விடுவது, ஒரிஜினல் ஜெட் போய் வேறொன்று உட்காருவது, மேலே ஸ்ப்ரே அடித்துவிட்டு 'சர்வீஸ் ஆச்சு' என்பது, இதெல்லாம் நடக்கும். எல்லாரும் அப்படியில்லை, ஆனால் கேட்டுக்கொள்வது நம் பொறுப்பு. ஜெட் நம்பரை நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். "பழைய பாகத்தைக் கொடுத்துருங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

லீவு குறைவாக இருப்பவர்களுக்கு, ஸ்க்ரூ அசையாதவர்களுக்கு, தினசரி ஓட்டத்துக்கு வண்டி வேண்டியவர்களுக்கு இதுவே சரி. கழற்றுவதும் சுத்தம் செய்வதும் உங்கள் கையில், கடைசி டியூனிங் மட்டும் அவர் கையில் என்று பிரித்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடு.

## வழி 3: மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புவது

உடம்பு அரித்திருக்கிறது, உள்வழி திறக்கவே மாட்டேன் என்கிறது, ஆனால் வண்டி ஒரிஜினலாகவே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு. அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் ஸ்ப்ரே போகாத இடத்து அழுக்கும் வரும். இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் கடைகளில் இந்தத் தொட்டி இருக்கும். கார்பரேட்டருக்கென்று தனிக்கடை தேட வேண்டியதில்லை. அதிக சூட்டில் அதிக நேரம் போட்டால் வார்ப்பு கறுத்துவிடும் என்பதால் குறைந்த நேரம் போடச் சொல்லுங்கள். தேய்ந்த துளையைக் கடைந்து உள்ளே ஸ்லீவ் என்கிற புதுக் குழாய் போடும் வேலைக்கு லேத்தில் கைதேர்ந்த ஆள் வேண்டும். துளை கொஞ்சம் ஓவலானாலும் போச்சு. முன்பு செய்த ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இங்கே பெரிய செலவு நாட்கள். கூரியரில் அனுப்பும்போது பெட்ரோல் வாடையே இல்லாமல் காயவைத்து, ஜெட்டுகளையும் ஸ்லைடையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் அனுப்பலாம். ஸ்லீவ் வேலை என்றால் ஸ்லைடும் கூடப் போக வேண்டும்.

## வழி 4: புதிதாக வாங்கி மாட்டுவது

ஸ்லைடு ஆடுகிறது, அல்லது உடம்பில் நகம் இறங்கும் குழி இருக்கிறது, வண்டி தினமும் ஓட வேண்டும் என்றால் யோசிக்காமல் இதற்குப் போங்கள். தேய்ந்த கார்பரேட்டருக்கு வருடாவருடம் கிட் போடுவது வீண் செலவு.

'புதுசு' என்பதில் இரண்டு ரகம். நல்ல கம்பெனி ஒரிஜினல், விலை ஆயிரக்கணக்கில். அதே உருவத்தில் வரும் டூப்ளிகேட், விலை அதில் ஒரு பங்கு. டூப்ளிகேட்டை வாங்குவதாக இருந்தால் கடையிலேயே ஸ்லைடை ஏற்றி இறக்கிப் பாருங்கள். புதிதிலேயே ஆடினால் அங்கேயே வைத்துவிடுங்கள். வார்ப்பில் பொத்தல் பொத்தலாக இருந்தாலும் வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு மாட்டிய பிறகு ஆரம்பிக்கும். ஆக்ஸிலேட்டர் கேபிள் நீளம் ஒத்துவராது, ஃபில்டர் ரப்பர் பொருந்தாது, சோக் வேறு மாதிரி இருக்கும். எல்லாம் பொருந்தினாலும் ஜெட் உங்கள் எஞ்சினுக்கு என்று போட்டது இல்லை. முதல் சில நாள் மெதுவாக ஓட்டிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் லீன், அப்படியே ஓட்டாதீர்கள், பெரிய மெயின் ஜெட் போடுங்கள். எத்தனால் பெட்ரோலும் கலவையை லீன் பக்கமே தள்ளும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். மைலேஜும் போகும், புகையும் வரும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது புகைச் சான்றும் தேவைப்படும்.

யெஸ்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிக்கோவ் கிடைக்காமல் மிக்கார்ப் மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும். ஆனால் ஜெட்டைச் சரியாகப் பிடிக்கப் பொறுமை வேண்டும், பழகிய ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

சென்னைப் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பழைய ஒரிஜினல் தேடுவதும் உண்டு. ஸ்லைடு சோதனையில் தேறினால் டூப்ளிகேட்டைவிட அதையே நான் எடுப்பேன். எதை மாட்டினாலும் உங்கள் பழைய கார்பரேட்டரைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து, ஆயில் தடவி, பையில் கட்டி வையுங்கள்.

| | வீட்டில் | உள்ளூர் மெக்கானிக் | வெளியூர் | புதிது |
|---|---|---|---|---|
| அடைப்பு, பிசின் | மிக நன்று | நன்று | தேவையில்லை | வீண் |
| காய்ந்த ரப்பர் | நன்று | நன்று | தேவையில்லை | வீண் |
| இறுகிய, ஒடிந்த ஸ்க்ரூ | ஆபத்து | மிக நன்று | நன்று | கடைசி வழி |
| வார்ப்பில் குழி | முடியாது | சந்தேகம் | முயலலாம் | நன்று |
| ஸ்லைடு தேய்மானம் | முடியாது | முடியாது | ஸ்லீவ் போடலாம் | நன்று |
| பணம் | மிகக் குறைவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் |
| பெரிய அபாயம் | ஒடியும் ஏர் ஸ்க்ரூ | மாறிப்போகும் ஜெட் | நாட்கள் | தவறான ஜெட் |

## இரண்டு கார்பரேட்டர் உள்ள வண்டி

1983-ல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி மாறும். அதில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்பரேட்டர். ஒன்றை மட்டும் சுத்தம் செய்யாதீர்கள், ஒன்றை மட்டும் புதிதாக மாற்றவும் கூடாது. இரண்டும் ஒரே அளவு பெட்ரோல் கொடுக்காவிட்டால் ஒரு பக்கம் லீன் ஆகி, அந்தப் பக்கப் பிஸ்டன் பிடிக்கும். பிரிக்கும்போதும் ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இடது ஜெட் வலதுக்குப் போய்விடக்கூடாது.

இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழும்ப வேண்டும். ஃபில்டர் ரப்பரைக் கழற்றிவிட்டு இரண்டு துளையிலும் விரல் வைத்து, இன்னொருவரை மெதுவாக ஆக்ஸிலேட்டர் திருகச் சொல்லுங்கள். எது முந்துகிறது என்று விரலுக்குத் தெரியும். கேபிள் அட்ஜஸ்டரில் சமப்படுத்துங்கள். சுத்தம் செய்வது உங்கள் வேலையாக இருக்கட்டும், சமப்படுத்தியதை இந்த வண்டி தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

## எந்த வழிக்குப் போனாலும்

டேங்க்கில் துரு இருந்தால் மேலே சொன்ன நாலு வழியும் வீண். டேங்க்கைக் கழற்றி, கழுவி, காயவைத்து, காக்கின் வலையைச் சுத்தம் செய்து, குழாயில் ஒரு ஃபில்டரும் போட்ட பிறகுதான் கார்பரேட்டரை மாட்ட வேண்டும். எஞ்சினுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் இருக்கும் மேனிஃபோல்டு ரப்பரை வளைத்துப் பாருங்கள், உப்புக் காற்றிலும் வெயிலிலும் அது வெடித்திருக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டபின்னும் ஸ்லோ உடனே இறங்காமல் தொங்கினால் காற்று கசிகிறது என்று பொருள்.

மாட்டியதும் ஏர் ஸ்க்ரூவை நீங்கள் எழுதிவைத்த சுற்றிலேயே வையுங்கள். குறிப்பு இல்லையென்றால் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பிக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடானபின் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, ஸ்லோ எங்கே அதிகமாக எழும்புகிறதோ அங்கே நிறுத்தி, ஐட்லிங் ஸ்க்ரூவால் இறக்குங்கள். மிக்குனி, மிக்கார்ப் கார்பரேட்டர்களில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும்.

திரும்ப வெளிநாடு போகிறவர்கள் போவதற்கு முன் காக்கை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் என்றால் டேங்க்கையும் காலி செய்து, உள்ளே ஆயில் சுழற்றி விடுங்கள். "மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வை" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லதில்லை. இரண்டு நிமிடம் ஓடி அணைந்தால் எஞ்சின் சூடாவதற்கு முன்னே நின்றுவிடும், சைலன்ஸரில் ஈரம் சேரும், கிண்ணத்தில் புதுப் பெட்ரோல் தேங்கும். தம்பியோ மச்சானோ வாரம் ஒருமுறை பத்துக் கிலோமீட்டர் ஓட்டுவார் என்றால் பெட்ரோலோடு விட்டுப் போங்கள். அப்படி ஓட்ட ஆளில்லை என்றால் வடித்துவிட்டே போங்கள்.